நூற்றுத் தொண்ணூறு கிலோ

கிம்பா என்ற சிற்றூரைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். எதிரே இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு தானிய லாரி வந்தது. அது எங்களைக் கடந்த நொடியில் காற்று முதலில் வண்டியைத் தள்ளியது, பிறகு தன் பக்கம் இழுத்தது. லாரி போய்விட்டது. ஆனால் என் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துவந்த கேரவன், சக்கரம் வைத்த எங்கள் வீடு, வாலை ஆட்ட ஆரம்பித்தது.

ஓட்டியவர்களுக்குத்தான் அது தெரியும். இடது கண்ணாடியில் கேரவனின் பக்கவாட்டுச் சுவர் முழுசாகத் தெரியும், மறுநொடி காணாமல் போகும், வலது கண்ணாடியில் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரின் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. காரின் பிரேக்கை மிதித்திருந்தால் இதை நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கேரவனுக்கென்று தனியாக இருக்கும் பிரேக் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தினேன். மூன்று ஆட்டம், நான்கு ஆட்டம். பிறகு அடங்கியது.

அடுத்து வந்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி இறங்கினேன். டயரில் காற்று சரியாக இருந்தது. கொக்கி இறுக்கமாக இருந்தது. சங்கிலிகள் இருந்தன. நிமிர்ந்து பார்த்தபோது என் மனைவி ரேலீன் காரை விட்டு இறங்காமல் முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தவள் என்னிடம் அல்லவா ஓடி வந்திருக்க வேண்டும்? அவள் கேரவனின் பின்பக்கத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

நான் குறித்துக்கொள்கிற ஆள். பெயர் டெஸ் ஹாஸ்கின். இருபத்தாறு வருடம் மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் வேலை பார்த்தேன். பழ ஈ பரவாமலிருக்க, வருகிற வண்டிகளில் பழம், காய், தேன் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துத் தொட்டியில் போடுகிற வேலை. "ஒண்ணும் இல்லைங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்ன பாதிரியாரின் இருக்கைக்கு அடியிலிருந்து பதினெட்டு மாம்பழம் எடுத்திருக்கிறேன். எதை ஒளித்திருக்கிறார்களோ அந்தப் பக்கம் மனிதர்கள் பார்க்கமாட்டார்கள். அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஓய்வு பெற்றதும் கடினாவில் ஐவர் பாஸ்கோ என்ற வயதானவரிடமிருந்து இந்தக் கேரவனை வாங்கினோம். போர்ட் பிரியிலிருந்து கிளம்பி, நல்லார்பார் சமவெளியைக் கடந்து, எஸ்பரன்ஸில் இருக்கும் எங்கள் மகள் சிமோனிடம் போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். கேரவனின் முன்பக்கத் தகட்டில் வெறும் வண்டியின் எடை இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ என்று இருந்தது. எல்லாம் ஏற்றிய பிறகு இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது. ஆக, தண்ணீர், கேஸ், பாத்திரம், துணி எல்லாம் சேர்த்து நானூறு கிலோ எங்களுக்கு.

நான் அதைச் சும்மா கணக்குப் போடவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி, என் எடையைக் கழித்து, நோட்டில் எழுதினேன். கனமானதெல்லாம் சக்கர அச்சுக்கு மேலே, நடுவில். பின்பக்கம் கட்டில் இருக்கிறது, அதன் அடியில் தலையணைகளும் கொசுவலையும் மட்டும். கடைசியாகக் கூட்டிப் பார்த்தபோது முந்நூற்று எண்பது. இன்னும் இருபது கிலோ மிச்சம் இருந்தது. அப்படிப்பட்ட கேரவன் ஏன் வாலாட்ட வேண்டும்?

ஒதுக்கிடத்திலிருந்து மறுபடி கிளம்பியபோது மணிக்கு எழுபதுக்கு மேல் போகவில்லை. என் மூளை மட்டும் வேகமாக ஓடியது. கிளம்பிய அன்று காலை நான் கேஸ் சிலிண்டர் நிரப்பப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டில் விரிப்பின் பூக்கள் தலைமாட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. நான் விரித்தபோது அவை கால்மாட்டைப் பார்த்திருந்தன. அப்புறம் அந்தத் தொலைபேசிப் பேச்சுகள். இரண்டு மாதமாக ரேலீன் கொல்லைப்புறம் துணி காயப்போடும் இடத்தில் நின்றுதான் சிமோனிடம் பேசினாள். நான் கதவைத் திறந்தால் பேச்சு வானிலைக்கு மாறும்.

ஓட்டியபடியே கேட்டேன். "பின்னாடி ஏதாவது வச்சியா?"

"நீதானே எல்லாத்தையும் எடை போட்டு வச்சே" என்றாள். அது பதில் இல்லை. சாவடியில் இப்படிப் பேசுகிற வண்டிகளைத்தான் நான் ஓரமாக நிறுத்தச் சொல்வேன்.

செடூனாவில் கடலோரக் கேரவன் பூங்காவில் இடம் எடுத்தோம். அலுவலகப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: உங்கள் இடத்துக்கே வந்து கேரவன் எடை பார்க்கப்படும், லியான் குபிக். ரேலீனிடம் சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பேசினேன். சொல்லியிருந்தால் நான் வெளியே போகும் நேரம் பார்த்து அவள் எதையாவது இறக்கி வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அதற்காக அன்று கடைக்குக்கூடப் போகவில்லை. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே இழுப்பறை திறக்கும் ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணினேன்.

லியான் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் வெந்த முகம், மண் படிந்த காலணி. டிரக்கின் பின்னாலிருந்து தட்டையான தராசுப் பலகைகளை இறக்கிக் கேரவனின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே வைத்தாள். கொக்கிக்குக் கீழே தனியாக ஒன்று. ரேலீன் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் லியானைப் பார்க்கவில்லை, ரேலீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லியான் எண்களைக் கூட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்க தகடு ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பதுங்குது. இங்க ரெண்டாயிரத்து எண்ணூத்திப் பத்து இருக்கு."

என் நோட்டுப்படி இருக்க வேண்டியதைவிட நூற்றுத் தொண்ணூறு கிலோ அதிகம்.

"அது கூடப் பரவால்ல. கொக்கில வெறும் நூத்தி இருபதுதான் இறங்குது. இந்த சைஸ் வண்டிக்கு அதுமாதிரி ரெண்டு மடங்காவது இருக்கணும். எல்லா கனமும் பின்னாடி உக்காந்திருக்கு. நாய் வாலை ஆட்டுறதுக்குப் பதிலா வால் நாயை ஆட்டுது. இப்படியே நீங்க அந்தச் சமவெளிப் பக்கம் போனீங்கன்னா, உங்களைச் சுரண்டி எடுக்க ஒரு வண்டி வரணும்."

நான் ரேலீனிடம் திரும்பினேன். "இப்பவாவது சொல்றியா?"

நான் புல்தரையில் நீலத் தார்ப்பாயை விரித்து, கேரவனைக் காலி செய்ய ஆரம்பித்தேன். பாத்திரங்கள், டின்கள், நாற்காலிகள், போர்வைகள் எல்லாம் வெளியே வந்தன. நான் எடுத்துக்கொடுக்கக் கொடுக்க லியான் எடை போட்டுச் சொன்னாள். பக்கத்து இடத்தில் ஒருவன் அரைக்கால் சட்டையோடு காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"கடை போட்டுட்டீங்களா? அந்தக் கெட்டிலை எனக்கு எடுத்து வைங்க" என்றான். யாரும் சிரிக்காததால் திரும்பிப் போனான்.

கட்டில் பலகையைத் தூக்கினேன். தலையணைகளுக்குப் பின்னால், கொசுவலைக்கு அடியில், இரண்டு பெட்டிகள். என் நோட்டில் இல்லாத பெட்டிகள். நாற்பத்தாறு கிலோ என்றாள் லியான்.

அந்த நொடியில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. மாம்பழத்தைக் கண்டுபிடித்தபோது வந்த அதே சந்தோஷம். ரேலீன் "திறக்காதே" என்றாள். அதற்குள் நான் திறந்துவிட்டேன்.

தடிமனான குளிர்கால மேல்கோட்டு. இரண்டு ஜோடி கம்பளிக் காலணி. அவளுடைய தையல் இயந்திரம், துண்டு சுற்றி. ஒரு கோப்பில் பிறப்புச் சான்றிதழ், அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மருத்துவர் எழுதிய கடிதம், வேறொரு மருத்துவரின் முகவரியோடு. அந்த முகவரி எஸ்பரன்ஸில் இருந்தது. நாங்கள் திரும்புவதாக இருந்தது மார்ச் மாதம். எங்கள் பக்கம் குளிர்காலம் ஜூனில்தான் ஆரம்பிக்கும், மார்ச்சில் யாரும் கம்பளிக் காலணி போடுவதில்லை.

லியான் தராசைத் துடைக்கிற சாக்கில் டிரக் பக்கம் நகர்ந்தாள்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றேன்.

"தெரியாது" என்றாள் ரேலீன். "திரும்பி வர்ற யோசனை இல்லை, டெஸ்."

நான் அவளை ஏறிட்டுப் பார்க்காமல் நோட்டை எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நூற்றுத் தொண்ணூறில் நாற்பத்தாறு போனால் மிச்சம் நூற்று நாற்பத்து நான்கு. இன்னும் கணக்கு இடித்தது. லியான் திரும்பி வந்து, இன்னும் எடை போடாமல் இருந்த ஒரே பொருளைக் காட்டினாள். என் கருவிப் பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏற முடியாததால் நோட்டில் குத்துமதிப்பாக இருபது என்று எழுதியிருந்தேன். பலகை முப்பத்தெட்டு காட்டியது.

"பதினெட்டு கிலோ உங்க பேர்ல" என்றாள் லியான். ரேலீன் வாய்க்குள் சிரித்த மாதிரி எனக்குத் தோன்றியது.

மிச்சம் நூற்று இருபத்தாறு. கேரவன் காலியாகக் கிடந்தது. அப்படியானால் தகடே பொய். அந்தக் கடினாக் கிழவன் தகட்டை மாற்றி ஒட்டியிருக்கிறான். அவனை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை, தேவைக்கு மேல் உபசரித்தான். அங்கேயே நின்று ஐவர் பாஸ்கோவுக்குப் பேசினேன். லியானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தினேன். சாட்சி வேண்டுமே.

நான் வெறும் வண்டியின் எடையைப் பற்றிக் கேட்டதும் அவர் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. "தகடு தொழிற்சாலையில அடிச்சது. அப்புறம் நான் சேர்த்ததுதான் அந்த ரெண்டாவது தண்ணி டேங்க். பின்னாடி, தரைக்கு அடியில. அதைத்தான் உங்க வீட்டம்மாகிட்ட விவரமா காமிச்சேனே. நூறு லிட்டர். பாலைவனம் தாண்டப் போறீங்கன்னு நிரப்பியே குடுத்தேன். குழாய் மூடியிருக்கும், பாத்துக்குங்க. என்ன, தண்ணி கெட்டுப்போச்சா?"

லியான் ஏற்கெனவே மல்லாந்து படுத்துக் கேரவனுக்கு அடியில் போயிருந்தாள். கல் அடிக்காமல் இருக்கப் பொருத்தியிருந்த தகட்டை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. "இருக்கு" என்றாள் உள்ளிருந்து. "நிறைஞ்சிருக்கு. கம்பிச் சட்டம் வேற."

தண்ணீர் நூறு கிலோ. டேங்கும் சட்டமும் இருபத்தாறு. கணக்கு ஒரு கிலோ பிசகாமல் நேராகிவிட்டது.

தொலைபேசியை அணைத்துவிட்டு ரேலீனிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்குக் கார்ல சொன்னேன்."

"சொல்லலை."

"சொன்னேன், டெஸ். கடினாலேர்ந்து திரும்பி வர்றப்போ. அவர் என்னை வண்டியைச் சுத்தி கூட்டிட்டுப் போய்க் காமிச்சுட்டு இருந்தாரு. நீ முன்னாடி முட்டி போட்டு உக்காந்து, பூதக்கண்ணாடி வச்சு அந்தத் தகட்டோட ஆணி புதுசா பழசான்னு பாத்துட்டு இருந்தே. கார்ல ஏறினதும் நான் ஆரம்பிச்சேன். விக்கிறவன் சொல்ற கதையை என்கிட்ட கொண்டு வராதேன்னே. அதோட நான் விட்டுட்டேன்."

எனக்கு நினைவு வந்தது. ஆனால் அவள் காரில் சொன்னது அல்ல. பூதக்கண்ணாடியில் பார்த்த ஆணிகள் நன்றாக நினைவில் இருந்தன. பழைய ஆணிகள்தான், துரு வரைக்கும் அசல். மற்றது புகைமூட்டமாக இருந்தது. அப்போதும்கூட ஒரு எண்ணம் ஓடியது: இதை அவள் வேண்டுமென்றே விட்டிருப்பாளோ? நான் வண்டியோடு கவிழட்டும் என்று? ஆனால் அதே காரில் அவளும்தான் உட்கார்ந்திருந்தாள். அப்படி நினைத்ததற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

குழாயைத் திறந்ததும் நூறு லிட்டரும் பூங்காவின் புல்லில் ஓடி முடிய வெகுநேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நாங்கள் இரண்டு மடக்கு நாற்காலிகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவள் பேசினாள். கோபமாக இல்லை. எஸ்பரன்ஸில் போய்ச் சேர்ந்த பிறகு சொல்வதாக இருந்தாளாம். வழியில் சொன்னால் மூவாயிரம் கேள்வி கேட்பேன், ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் படித்துக்கொண்டே வண்டி ஓட்டுவேன், அது ஆபத்து என்று நினைத்தாளாம்.

"யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். கேட்டே ஆகவேண்டியிருந்தது.

"இதான், இந்தக் கேள்விதான்" என்றாள் ரேலீன். "யாரும் இல்லை. இருந்தாக்கூட எனக்குச் சொல்லிக்கச் சுலபமா இருந்திருக்கும். நாப்பத்தொரு வருஷம் டெஸ். கடைக்குப் போயிட்டு வந்தா ரசீதைப் பாக்குறே. தோட்டத்துல நின்னா யாருகிட்ட பேசினேன்னு கேக்குறே. நான் எதையும் கடத்திட்டு வரலை. ஆனா வீட்டுக்குள்ள நுழையுறப்போல்லாம் பையைத் திறந்து காட்டணும்னு எனக்கே தோணிடுது."

"இந்தப் பெட்டியை ஒளிச்சேல்ல?"

"ஆமா. ஒளிச்சேன். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை. அதையும் கண்டுபிடிச்சுட்டே."

அவள் சொன்ன "ஒரே ஒரு தடவை" உண்மையா என்றுதான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

லியான் திரும்ப எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னாள், இந்த முறை அவள் சொன்ன இடங்களில். ரேலீனின் பெட்டிகள் காருக்குப் போயின. காரில் அதற்கு இடமும் தாங்குகிற சக்தியும் இருக்கிறதா என்று அதையும் பலகையில் ஏற்றிப் பார்த்தாள். என் கருவிப் பெட்டியைத் தன் கொட்டகையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு முழு நொடி அவளைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். கடைசியில் கேரவன் இரண்டாயிரத்து அறுநூற்று இருபத்தாறு. எல்லைக்குள் வந்துவிட்டது. கொக்கியில் இருநூற்று நாற்பது இறங்கியது.

"இனிமே ஆடாது" என்றாள் லியான். "ஆனாலும் தொண்ணூறுக்கு மேல போகாதீங்க."

ஆடவில்லை. அந்தச் சமவெளியில் எத்தனையோ லாரிகள் எங்களைக் கடந்தன. கேரவன் ரயில் பெட்டி மாதிரி நேராக வந்தது. மரமே இல்லாத அந்த நீளத்தில் அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன பார்க்கிறாள் என்று நானும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சிமோனுக்கு எப்போதிலிருந்து தெரியும், மருத்துவரிடம் யார் பேசியது, என் தங்கைக்கும் தெரியுமா என்று பழைய நாட்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேடிக்கொண்டே ஓட்டினேன்.

மாநிலத்தின் மேற்கு எல்லைச் சாவடியில் சீருடை அணிந்த ஒரு பெண் எங்களை நிறுத்தினாள். பழம், காய், தேன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ரேலீன், "இல்லை, எல்லாத்தையும் நேத்தே தீர்த்துட்டோம்" என்றாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் குளிர்பெட்டியைப் பார்க்க ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். அவள் பார்க்காமல் விட்ட மேல் அலமாரியை நான் திறந்தேன். டீத்தூளும் பிஸ்கட்டும்தான் இருந்தன. இறங்கும்போது ரேலீன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. செடூனாவில் அவள் சொன்னதையெல்லாம் விட அந்த முகம்தான் எனக்கு உறைத்தது.

எஸ்பரன்ஸில் சிமோன் என்னைக் கட்டிப்பிடித்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். பின் அறையில் புதுக் கட்டிலும் விளக்கும் இருந்தன. ஜன்னல் அளவுக்குச் சரியாகத் தைத்த திரை தொங்கியது. அந்தத் துணியை நான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறேன், ஆகஸ்டில். என்ன தைக்கிறாய் என்று அப்போது கேட்டேன், சிமோனுக்குத் திரை என்றாள். அது பொய்யும் இல்லை.

ரேலீன் தன் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். உதவட்டுமா என்று கேட்டேன். "ரெண்டும் நாப்பத்தாறுதான், தூக்கிடுவேன்" என்றாள்.

மார்ச்சில் நான் திரும்பவில்லை. போர்ட் பிரி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, எஸ்பரன்ஸிலேயே ஊர் எல்லையில் இருக்கும் கேரவன் பூங்காவில் வருடக் கணக்கில் இடம் எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடமாகிறது. புதன்கிழமைகளில் ரேலீன் வருவாள், மீனோ சூப்போ கொண்டுவருவாள். சாப்பிட்டுவிட்டு ஒரு ஆட்டம் சீட்டு விளையாடுவோம். முன்பைவிட அதிகமாகச் சிரிக்கிறாள். சில நாள் அவள் காலணியில் ஈரமான கடல்மணல் இருக்கும். யாரோடு நடந்துவிட்டு வருகிறாள் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வரும். கேட்டுவிட்ட நாட்களில் அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு சீக்கிரம் கிளம்பிவிடுவாள். போன புதன்கிழமை கேட்கவில்லை. அன்று ஒன்பதரை வரை இருந்தாள்.